வினிகர் என்று நீ சொன்னது

அன்பு மகன் ஜெய்சனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலம், சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கிறது. நீயும் பியூலாவும் ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். இங்கே பிசான நெல் நடவு முடிந்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பியூலா தோசை மாவு பொங்கியதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஹீட்டர் பக்கத்தில் மாவுச் சட்டி, அதை ஒட்டி மேலே நுரை கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி. என்னடா அது என்று உன்னிடம் கேட்டேன். வினிகர்ம்மா, சமையலுக்குச் செய்யுதேன் என்றாய். இருபத்தெட்டு வருஷம் பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனை மேஜையில் நின்றவளுக்கு நுரை தெரியாதா? பியூலாவிடம் கேட்டேன், பாவம் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பீர்தான் அத்தை, ரெண்டு தடவையும் புளிச்சுப் போச்சு, கீழ ஊத்திட்டு உம்முன்னு இருக்காவ என்றாள். உன் அப்பாவும் மோட்டார் ரூமில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்ததை, ஒண்ணுமில்ல, இருமல் மருந்துதாம் என்றுதான் சொன்னார். நான் பதினொரு வருஷம் நம்பினேன். டாக்டர் ஈரல் போய்விட்டது என்று சொன்ன நாளில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

செய்யாதே என்று சொன்னால் நீயும் ஒரு மோட்டார் ரூம் தேடுவாய். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும் என்று உனக்குச் சொன்னது நான்தான். மாவுச் சட்டியில் போட்ட கரண்டியையே, மாவு கலக்கிய கையோடு பீர் ஜாடியிலும் விட்டாயாம். மாவைப் புளிக்க வைக்கிற கிருமிதான் இதையும் கெடுத்தது. பீருக்கு நீ காய்ச்சுகிற சாறு கொதிக்கும்வரை பயமில்லை, ஆறிய பிறகுதான் ஆபத்து. அதன்பின் கிருமி நீக்காத எதுவும் அதில் படக்கூடாது, கையும்தான். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்குப் போகக் கழுவு, பிறகு அங்கே கடையில் விற்கிற கிருமி மருந்தை அளவாகக் கலந்து அதில் ஊறவிட்டு, கவிழ்த்து வை. நீ எதையும் துண்டால் துடைக்கிறவன், துடைக்காதே, பால் கேனை நாங்கள் ஒரு நாளும் துடைத்ததில்லை. ஜாடியை ஹீட்டரை விட்டும் மாவை விட்டும் தள்ளி வேறு அறையில் வை. திறந்து திறந்து பார்க்காதே. நாற்றம் மாறினால், பட்ட பாட்டை நினைத்துக் குடித்துவிடாமல் கொட்டிவிடு.

சபையில் தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பியூலாவைக் கோபித்துக்கொள்ளாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

மறக்காமல் ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி எழுதி ஒட்டு. கெட்டுப்போனால் எனக்கு எழுது, நன்றாக வந்தாலும் எழுது, எத்தனை குடித்தாய் என்பதையும் எழுது. இன்னொரு பதினொரு வருஷம் நம்பிக்கொண்டிருக்க எனக்கு வயசில்லை.

உன் அம்மா,
எஸ்தர் பாக்கியம்,
அம்பாசமுத்திரம்.