மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள்

பாச்சாங், மலாக்கா
ஆனி மாதம், 1934

சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர் அவர்களுக்குக் கமலவேணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் மகள் கோமளாவும் நலம். உங்கள் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

கோமளாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். புலாவ் செபாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், கேசரி கிண்டி வை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு முப்பது தாண்டிவிட்டது, இவளுக்குப் பதினாலு. கேட்டால், ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து படிக்கும் புத்தகத்தில் பழைய கிரேக்கர்கள் இப்படித்தான் செய்தார்களாம். உலகத்துக்கே நாகரிகம் கற்றுக்கொடுத்த ஏதென்ஸ்காரர்கள் வீட்டில் பெண்கள் உள்கட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள், பதினாலு வயதில் முப்பது வயதுக்காரனுக்குக் கழுத்தை நீட்டுவார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

கோமளாவின் சரித்திரப் புத்தகத்திலும் அதே நாடு இருக்கிறது. அவளை உட்காரவைத்து முழுவதையும் தமிழில் சொல்லச் சொன்னேன். ஏதென்ஸில் கடைத்தெருவுக்குப் போய் மீன் வாங்குவது ஆண்கள் வேலையாம். நான் வாழ வந்த நாளிலிருந்து நீங்கள் ஒருநாளாவது பாசாருக்குப் போனதுண்டா? ஆலிவ் பறிக்கவும் தண்ணீர் தூக்கவும் அடிமைகள் இருந்தார்களாம். நம் வீட்டில் அது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாடு முழுக்க மலையும் கடலும்தானாம். மலைகளுக்கு நடுவே கொஞ்சம் சமவெளி, அதில் ஓர் ஊர். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, பழக்கம் வேறு. ஏதென்ஸிலிருந்து சில நாள் நடந்து மலை தாண்டினால் ஸ்பார்ட்டா. அங்கே பெண்பிள்ளைகள் வெட்டவெளியில் பந்தயம் ஓடினார்களாம், வயிறாரச் சாப்பிட்டார்களாம், நன்றாக வளர்ந்த பிறகுதான் கல்யாணமாம். “அப்பா ஒரு ஊரோட நின்னுட்டாருலா, அடுத்த பக்கத்தத் திருப்பவே இல்ல” என்றாள் உங்கள் மகள். மலாக்காவில் தெங்கேராத் தெருவை மட்டும் பார்த்துவிட்டு மலாயா முழுக்க இப்படித்தான் என்று சொல்கிற ஆளாகிவிட்டீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு புத்தகப் பையை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் அதே வயதில்தான் கல்யாணம் பேசினார்கள். அன்று வகுப்பில் வாத்தியார் சுவரில் உலகப்படம் மாட்டி, நாகப்பட்டினத்தைக் குச்சியால் தொட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். என் அப்பா வந்து வாசலில் நின்றார். பாதியில் எழுந்து போனவள்தான். அந்தப் பக்கம் என்ன என்பதை, உங்களோடு கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்துதான் தெரிந்துகொண்டேன். இதை இத்தனை வருடமாக உங்களிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நீங்களே வந்து அவர்களிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். வராவிட்டால் நான் வாசலில் நின்று சொல்வேன். அன்றைக்குக் கோமளாவுக்குப் பூகோளப் பரீட்சை. கேசரி கிண்டத்தான் போகிறேன், பரீட்சை எழுதிவிட்டு வருகிறவளுக்கு.

மழையில் நனையாதீர்கள். பிள்ளையை ஆசீர்வதித்து ஒரு வரி எழுதுங்கள், அவள் பாடமாவது முடியட்டும் என்று.

இப்படிக்கு,
கமலவேணி