பாரின் மேல் ரப்பர் மிதவை

மாதா துணை

குளச்சல் அருகே,
15 செப்டம்பர், திங்கள்

அன்புத் தம்பி லிஜினுக்கு, அக்கா ஞானசெல்வி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் கடலுக்குப் போகவில்லை. ஊர் கமிட்டி அவருக்கு ஆறு மாதக் கடல் விலக்கு போட்டிருக்கிறது. அது உன்னால் வந்தது. போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வெட்டிவிடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கம்பெனியின் சாதனையைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுச் சந்தோஷப்படு. அலை வந்து இழுத்தால் நீளுமாம், விட்டால் சுருங்குமாம், அதில் கரண்ட் வருமாம். ஸ்மார்ட் மெட்டீரியல் என்று நீ மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்ன அந்த ரப்பர் தாளை நான்கு மிதவையில் கட்டி ஈஸ்டர் முடிந்ததும் கடலில் போட்டார்கள். ஆடிக் கடல் அதில் இரண்டை நார் நாராகக் கிழித்துவிட்டது. மிச்ச இரண்டில் சிப்பி ஒட்டி ஒரு பாரம் இருக்கிறது. நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. மிதவைத் தலையில் மினுங்குகிற சிவப்பு லைட்டாவது அலைக் கரண்டில் எரிகிறதா என்று கேட்டேன். அதற்கு சோலார் தகடு ஒட்டியிருக்கிறதாம். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? ஆரல்வாய்மொழியில் காற்றாடி சுற்றுகிறது, கரண்ட் வருகிறது, யாரும் குறை சொல்லவில்லை. நீங்கள் வெள்ளைச் சட்டையும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனீர்கள். நம் பெண்கள் வலையில் சிக்கின ரப்பர் துண்டைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது கிழிந்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதைக் கொண்டு போட்ட இடம்தான் வயிற்றெரிச்சல். அந்தப் பாறைப் பார் கடலுக்கடியில் சும்மா கிடக்கிற கல் என்று நினைத்தாயா? நாற்பது வள்ளம் அதை நம்பித்தான் போனது. கணவாயும் நெய்மீனும் அங்கேதான் நின்றது. இப்போது அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்கள். உள்ளே வள்ளம் நுழைந்தால் கேஸ்.

கரையில் எந்தக் கோபுரத்தை எந்த மலையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பாருக்குப் போகலாம் என்பதைக் கடலுக்குப் போகாதவனிடம் சொல்லக்கூடாது. அது நம் கரையின் கட்டு. கட்டின பெண்டாட்டி எனக்கே அவர் சொன்னதில்லை. போன கிறிஸ்துமஸ் லீவில் உன்னை வள்ளத்தில் கூட்டிப்போய் உனக்குச் சொன்னார். பெண்டாட்டியின் தம்பி, படித்த பையன், ஆசையாகக் கேட்கிறான் என்று நம்பிவிட்டார். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே பையிலிருந்த போனை அமுக்கி இடத்தைக் குறித்துக்கொண்டாய். நாலு மாதத்தில் உன் கம்பெனி படகு நேராக அந்தப் பாருக்கே வந்து நின்றது. திருடனுக்காவது ராத்திரி முழிக்கிற பாடு உண்டு, உனக்கு அதுகூட இல்லை.

நேற்றைக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் போட்டார்கள். கமிட்டித் தலைவர் யேசுரத்தினம், பாரைக் காட்டிக் குடுத்தவன் ஆருன்னு தானா எழும்பிச் சொன்னா நல்லது என்றார். லிஜின் பய அந்தக் கம்பெனியிலதான இருக்கான் என்று பின்னால் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். உடனே உன் அத்தான் எழுந்து, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்பெனிக்காரன் வந்து கேட்டான், நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன் என்றார். நான் பெண்கள் பக்கம் நிற்கும்போதே அவருக்கு ஆறு மாத விலக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். வள்ளத்தில் நீ செய்ததை அப்போதுதான் சொன்னார். ஏட்டி, இன்னைக்குத்தான கோயில்ல அவனுக்கு முதல் கல்யாண ஓலை வாசிச்சிருக்கு, அவன் மேல ஊர் விலக்கு விழுந்தா அடுத்த ஓலைய எந்தச் சாமியாரு வாசிப்பாரு, பெபிஷா வீட்டுக்காரங்க பெண்ணத் தருவாங்களா என்று கேட்டார். அன்றிலிருந்து கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறார். கடைக்குப் போனால், அவரோடு வள்ளம் இழுத்தவர்களே முகத்தைத் திருப்புகிறார்கள். ஆபேல் ஊரை வித்தவன் என்று அவர் பேரைச் சொல்லியே நம் பிள்ளைகளின் காது கேட்கவே சொல்கிறார்கள்.

நேற்று உன் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அன்றும் நான் வாய் திறக்க மாட்டேன், பயப்படாதே. உன் கல்யாணம் நடக்கும். பந்தியில் உனக்குப் பக்கத்தில் உன் அத்தான் உட்காருவார், சிரித்துக்கொண்டே உனக்குச் சோறு எடுத்துப் போடுவார். அதை உன்னால் விழுங்க முடியும் என்றால் இப்போது வராதே.

முடியாது என்றால் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து கமிட்டி முன்னால் நீயே எழுந்து சொல்லு. மாதா உனக்கு நல்ல குடும்பமும் பிள்ளைகளும் தரட்டும். என் புருஷனுக்கு நீ கடலைத் தா.

உன் அக்கா,
ஞானசெல்வி