பாலத்தடியில் நின்ற விளையாட்டு

ஆவணி, மூன்றாம் வெள்ளி. வெள்ளவத்தை.

பேத்தி தர்ஷினியின் கம்பியூட்டரில் அந்தப் பழைய துவக்குச் சண்டை விளையாட்டு ஒரு கிழமையாக அதில் வரும் பாலத்தடியில் நின்றுவிடுகிறது. படம் அசையாது. வெடிச் சத்தம் மட்டும் ஓயாது. எந்த இடத்தில் பிழைக்கிறது என்று கேட்டுப் பார்க்க, இன்று பின்னேரம் அவள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கீழே தெருவில் ஆமி செக்கிங் நடப்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வெடிச் சத்தம் கேட்டு, கதவை உடைத்துக்கொண்டு இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவன் துவக்குப் பிடியால் அவளின் வாயில் அடித்தான். குறுக்கே போன என்னைச் சுவரோடு மோதத் தள்ளினான். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் சிங்களத்தில் எவனுக்கும் பதில் சொல்வேன். "கம்பியூட்டரைப் பாரடா, அதுக்குள்ளதான் சண்டை!" என்று கத்தினேன்.

மற்றவன் குனிந்து பார்த்தான். சிரித்துவிட்டு, தங்கையோடு பேசுவது போலச் சிங்களத்தில் சொன்னான்.

"நங்கி, எனக்கும் இந்தப் பாலத்தடியிலதான் நிண்டது. சவுண்ட் செட்டிங்கைக் குறைச்சு விடணும்."

தானே மவுஸைப் பிடித்துச் சரிசெய்தான். அவளின் இரத்தம் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அடையாள அட்டைகளைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள்.

உதட்டுக்கு ஐஸ் வைக்க விடாமல் அவள் திரும்பவும் விளையாட உட்கார்ந்தாள்.

"பாலம் தாண்டியாச்சு, அம்மம்மா."

விளையாட்டில் விழுந்து கிடந்த ஆமிக்காரரையும் திரும்பத் திரும்பச் சுட்டாள். செத்தவனை ஏன் பிள்ளை சுடுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கதவு உடைந்து கிடக்கிறது, சத்தத்தைக் குறை என்று மட்டும் சொன்னேன்.