வியாழக்கிழமை வருகிற கணப்பு

செப்டம்பர் 11, 2018

இன்று காலை காபி ஆறுவதற்குள் எங்கள் வீட்டுச் சக்கரவர்த்தி பதவி பறிக்கப்பட்டார். இரண்டு பக்கமும் சிங்கம் வார்த்த இரும்புக் கணப்பு. எண்பது குளிர்காலங்களில் நார்வேக் காடுகளில் பாதியைத் தின்று ஏப்பம் விட்டது. மீதிப் பாதி தப்பித்ததற்குக் காரணம் அதன் வாய் சின்னது என்பதுதான்.

தீர்ப்புச் சொன்னவள் மாரிட், புகைபோக்கி துடைக்கிறவள். டார்ச்சை உள்ளே விட்டு, தலையையும் உள்ளே விட்டு, பின்பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது என்றாள். சுண்டு விரல் போகிற விரிசல்.

"யாரோ சாம்பலக் கொழைச்சுப் பூசி மறைச்சிருக்காங்க. நீங்களா பெரியவரே?"

"நான் பூசியிருந்தா ஓவியமே வரைஞ்சிருப்பேனே" என்றேன்.

"இனிமே இதுல ஒரு தீக்குச்சி கிழிச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும். வீடு போயிடும், ஞாபகம் வெச்சுக்கங்க."

கட்டிலில் படுத்திருந்த எம்ப்ரெத் மேலே பார்த்தபடி கூரைப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தான். என் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு நாள். இனி அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: கூடத்தில், கணப்புக்குப் பக்கத்தில் கட்டில். கட்டிலைப் போட்டாயிற்று. கணப்புதான் போயிற்று.

செப்டம்பர் 12

மின்சார ஹீட்டர் வைத்தேன். எம்ப்ரெத் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு, "சாப்பாட்டுப் படத்தப் பாத்துப் பசியாறச் சொல்றியாண்ணே?" என்கிறான்.

செப்டம்பர் 15

எல்வெரும் டவுன் வரை போனேன், ஓட்வாரின் கடைக்கு. உள்ளே இருபத்தாறு கணப்புகள் அணிவகுத்து நின்றன. மன்னர் படையைப் பார்வையிடுவதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்து மூடினேன். காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து இழுத்தேன் — உருவிக்கொண்டு வந்தால் கதவோரத்து அடைப்புக் கயிறு சரியில்லை, காற்று புகும், தீ நம் சொல் கேட்காது. இரும்பைத் தட்டிக் கேட்டேன். ஒன்று மணிபோல் ஒலித்தது. ஒன்று தகர டப்பா. தகர டப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

ஓட்வார் பின்னாலேயே வந்து மூன்று கேள்வி கேட்டான். கூடம் எவ்வளவு பெரிது. விறகு எவ்வளவு நீளம். கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். கல்லாப் பக்கம் நின்ற ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று கறுப்பு வார்ப்பிரும்பு, என் இடுப்பு உயரம், முன்னால் கண்ணாடிக் கதவு. கடையிலேயே இருக்கிறது, வியாழக்கிழமை வந்து பொருத்திவிடுவார்கள். மற்றது மாக்கல். நானூறு கிலோ. காலையில் இரண்டு மணி நேரம் எரித்தால் மறுநாள் காலை வரை கல் சூட்டை வைத்திருக்கும். அதற்குப் பக்கத்தில் நின்றால் ஒரு மலை தன் அக்குளில் இடம் கொடுப்பதுபோல் இருக்கும். செய்து வர பன்னிரண்டு வாரம்.

"பெருசா வாங்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு" என்றான் ஓட்வார். "சூடு தாங்காம காத்தக் குறைச்சு வெப்பீங்க. தீ எரியாது, புழுங்கும். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில தார் படியும், ஒருநாள் அதுவே பத்திக்கும். கூடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி வாங்கணும் ஹால்வர் அண்ணே."

சொல்கிறவன் வியாபாரிதானா என்று சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் எம்ப்ரெத்தின் போர்வைமேல் விரித்தேன். மாக்கல்லைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம். அவன் சின்னதன்மேல் விரலை வைத்தான்.

"வியாழக்கிழமை வர்றத வாங்குண்ணே."

"அதா? அது எலி குளிர் காயுற பொம்மைடா!"

"எலிக்குக் குளிராதா?"

செப்டம்பர் 17

மாக்கல்லுக்குச் சொல்லிவிட்டேன். டிசம்பர் 10 வரும். ஓட்வார் போனில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, "சரி" என்று நிறுத்திக்கொண்டான்.

செப்டம்பர் 18

பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டிய பொருளை வாங்குகிறவன் என்ன வாங்குகிறான்? பன்னிரண்டு வாரத்தை வாங்குகிறான். டாக்டர் சொன்ன கணக்கை இந்த நோட்டில் எழுத மாட்டேன். என் நோட்டு, என் சட்டம்.

செப்டம்பர் 29

முதல் உறைபனி. அவனுக்கு மூன்று போர்வை, ஆட்டுத்தோல், என் பழைய பட்டாளத்துக் கோட்டு. குவியலுக்கு நடுவில் மூக்கு மட்டும் தெரிகிறது. "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று தட்டிக் கேட்டேன். "குடியிருக்கறவர் வெளியூர் போயிருக்கார்" என்று பதில் வந்தது. மூக்கு நீலமாக இருந்தது.

அக்டோபர் 6

எம்ப்ரெத்தின் மகள் யோருன் ஆஸ்லோவிலிருந்து வந்தாள். வந்ததும் அப்பாவின் கையைத் தொட்டாள். பிறகு என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பெரியப்பா, கணப்பு எங்க?"

"கல்லை மலையிலிருந்து பெயர்த்துக்கிட்டிருக்காங்க. முந்நூறு பேரு, எழுபது குதிரை—"

"அப்பாவுக்கு இப்பக் குளிருது. டிசம்பர்ல இல்ல."

அவள் பிறந்ததிலிருந்து என் ஒவ்வொரு புளுகுக்கும் சிரித்தவள். இன்று சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. நான் என்ன செய்தேன்? வாஃபிள் மாவைக் கலக்கிக்கொண்டு நின்றேன். கட்டியே இல்லாத மாவை, கால் மணி நேரம்.

கிளம்பும்போது விறகைப் பார்த்துவிட்டு, "அந்தக் கல் கணப்பு அம்பது சென்டிமீட்டருக்கு மேல விறகு எடுக்காதாம், இது அறுபது ஆச்சே. அளந்தீங்களா?" என்றாள்.

அளக்கவில்லை! இருபத்தாறு கணப்பைத் தட்டிப் பார்த்த மகாராஜா, வீட்டு வாசலில் இருக்கிற விறகை அளக்கவில்லை. அறுபது சென்டிமீட்டர், சிங்கத்தின் தொண்டைக்கென்று எங்கள் வீட்டில் எண்பது வருஷமாக அந்த நீளம்தான்.

அக்டோபர் 20

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

எம்ப்ரெத்தின் அடுக்கு பதினாலு மீட்டர் நீளம், என் தலை உயரம். எல்லாம் பிர்ச் மரம். பட்டை மேலே பார்த்தபடி, ஒரு கட்டை துருத்தாமல், சாலையில் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்க்கிற அடுக்கு. வசந்தத்தில் தனியாக அடுக்கினான். நான் உதவப் போனபோது, "நீ அடுக்கினா அது விறகு இல்லண்ணே, விபத்து" என்று துரத்திவிட்டான். இந்த ஊரில் ஒருவன் அடுக்கைப் பார்த்து அவனுக்குப் பெண் கொடுப்பார்கள். என் அடுக்கைப் பார்த்துத்தான் எனக்குக் கொடுக்கவில்லை.

இன்று அறுக்க ஆரம்பித்தேன், அவன் ஜன்னலுக்கு நேரே, அவன் என்னைக் கேலி செய்ய வசதியாக. முன்வரிசைக் கட்டைகளை எடுத்தேன். அறுபது. பின்னால் கை விட்டேன். கட்டை சட்டென்று கையோடு வந்துவிட்டது. குட்டை. அடுத்ததும் குட்டை. டேப்பை வைத்தேன் — முப்பது. அதற்குள்ளேயும் முப்பது. வெளிச்சுவர் இரண்டும்தான் அறுபது. நடுவில் பதினாலு மீட்டரும் முப்பது சென்டிமீட்டர் கட்டைகள். நன்றாகக் காய்ந்து, தட்டினால் டொக்கென்று சத்தம். சிங்கத்துக்கு இந்த நீளம் ஆகாது என்று இவனுக்குத் தெரியாதா?

ஒரு கட்டையோடு உள்ளே போனேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"இத எப்ப வெட்டின?"

"ஏப்ரல்ல."

"ஏப்ரல்ல சிங்கம் நல்லாத்தானே இருந்துச்சு!"

"அப்பவே விரிசல் விட்டிருச்சு. நாந்தான் சாம்பல் பூசினேன். ஒரு குளிர்காலம் தாங்கும்னு பாத்தேன்."

"உனக்கு... ஏப்ரல்ல உனக்கு ஒண்ணும் இல்லியேடா. ஜூலைலதான டாக்டர் சொன்னாரு?"

"மார்ச்ல சொன்னாரு."

நான் உட்கார்ந்தேன். எதன்மேல் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

"அப்பவே ஓட்வார் கடைக்குப் போய்ப் பாத்துட்டேன். அந்தச் சின்னது நல்ல இரும்பு. கதவு சுத்தமா மூடுது. முப்பது நீளம். ஒரு ஆளுக்கு அது போதும்ணே." மூச்சு வாங்கினான். "அந்தக் கல்லுல நீ ஒத்தை ஆளா தீ போட்டேன்னு வை, காத்தக் குறைச்சுக் குறைச்சுப் புழுங்க விடுவ. எனக்கு உன்னத் தெரியும். புகைபோக்கி அடைச்சுக்கும். மாரிட் வந்து திட்டுவா. வீட்டக் கொளுத்திட்டு ஊரெல்லாம் கதை சொல்லிக்கிட்டுத் திரிவ."

ஒரு ஆளுக்கு.

நான் கடையில் சத்தமாகச் சொன்ன எண், அவன் ஏழு மாதமாக மனசுக்குள் வைத்திருந்த எண். இரண்டும் வேறு.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. வியாழக்கிழமை வர்றத வாங்குன்னு."

ஐந்து வாரம்! ஐந்து வாரம் அவனக் குளிர்ல போட்டு வெச்சிருந்தேன், பாவி. எலின்னு சொன்னேன் — அந்த எலி நாந்தான்.

அக்டோபர் 22

ஓட்வாருக்குப் போன் செய்து மாக்கல் வேண்டாம் என்றேன். பெரிய விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"வியாழக்கிழமை வரோம்ணே. அது ஏப்ரல்லருந்து உங்க தம்பி பேர்லதான் நிக்குது. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அக்டோபர் 25, வியாழன்

வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சிங்கத்தை வெளியேற்ற நான்கு பேர். சக்கரவர்த்திக்குத் தொப்பியைக் கழற்றி விடை கொடுத்தேன். இப்போது கொட்டகையில் கோழிக்குப் பக்கத்தில் இருக்கிறார். ராஜ்ஜியம் போனாலும் பிரஜைகள் உண்டு.

புது இரும்பை எடுத்ததும் கொதிக்க விடக்கூடாதாம். முதல் தீ சின்னதாக, சுள்ளிகள் மட்டும். மேல்பூச்சு தீய்ந்து நாறும், அதனால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். வெளியே மைனஸ் நாலு. நான் ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். எங்கள் ஊரில் உயிர் பிரிந்த அறையில்தான் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்போம், போகிறவர் தடையில்லாமல் போகட்டும் என்று.

"அவசரப்படாதண்ணே" என்றான் போர்வைக் குவியலுக்குள்ளிருந்து. "நான் இன்னும் சாகல."

நான் சிரித்தேன். அவன் சிரித்தான். அவன் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு — ஜன்னல் திறந்திருக்க, அறை முழுக்கப் பெயிண்டு நாற்றம் — இரண்டு கிழவர்கள். கண்ணில் நீர் வந்ததற்குப் புகையின்மேல் பழி போட்டேன். புகையே இல்லை. நல்ல கணப்பு.

அக்டோபர் 28

நான்காம் தீ. இன்று முழுத் தீ போடலாம். கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளியை மேலே வைத்து, உச்சியில் பற்றவைக்கச் சொன்னான். எழுபத்தொரு வருஷமாகத் தீ கீழேயிருந்து மேலே போகும் என்று நம்பிய என்னை இப்படித் தலைகீழாக்கினான்.

"யாருடா மேல பத்த வெப்பான்? மெழுகுவர்த்தியா இது?"

"ஆமா. மெழுகுவர்த்தி புகையுதா?"

புகையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தீ நிதானமாகக் கீழே இறங்கியது. சிங்கத்தின் வயிற்றில் தீ இருப்பதைக் காதால்தான் கேட்டிருக்கிறோம், கண்ணால் பார்த்ததில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு!

சாயங்காலம் அவன் கையை வெளியே எடுத்துத் தொப்பியைக் கழற்றினான். செப்டம்பருக்குப் பிறகு இன்றுதான் அவன் தலையைப் பார்க்கிறேன். முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது.

நவம்பர் 4

யோருன் விடுப்பு எடுத்து வந்துவிட்டாள். தினமும் பன்னிரண்டு கட்டை. எம்ப்ரெத் பேச்சைக் குறைத்துவிட்டான். கட்டை எடுக்கும்போது மட்டும் கண்ணால் சொல்கிறான்: அது இல்லை, பக்கத்தில் இருப்பது.

நவம்பர் 9

கஞ்சி, இரண்டு கரண்டி. தொப்பி போடவில்லை.

நவம்பர் 13

காலை. காபி நேரம். நான் கட்டை எடுக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது யோருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது. "மூடும்மா, மூடு, அவனுக்குக் குளிரும்" என்று கத்தினேன். அவள் மூடவில்லை. நான் கட்டையைக் கீழே வைத்தேன், அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இல்லை, கட்டை என் கையில்தான் இருந்தது. நான்தான் கீழே வைக்கவில்லை.

நவம்பர் 21

அடக்கம் முடிந்தது. உறைந்த மண்ணைத் தோண்டச் சிரமப்பட்டார்கள். இதில் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை.

டிசம்பர் 10

மாக்கல் வந்திருக்க வேண்டிய நாள்.

ஜனவரி 17, 2019

மைனஸ் இருபத்தேழு. மாரிட் வந்தாள், புதுக் கணப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட. புகைபோக்கிக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். கதவுக் கண்ணாடியை விரலால் தேய்த்து விரலைப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. எல்லாரும் வீட்ட விடப் பெருசா வாங்கித் தொலைப்பாங்க. இந்தக் கூடத்துக்கு, உங்களுக்கு, இதுதான் சரியான அளவு. யாரு பாத்து எடுத்தது பெரியவரே?"

முந்நூறு பேர், எழுபது குதிரை — நாக்கு நுனி வரை வந்தது.

"என் தம்பி" என்றேன்.

அவள் போன பிறகு அடுக்கிலிருந்து இன்றைக்கு வேண்டியதை எடுத்து வந்தேன். உள்வரிசையில் மூன்று குளிர்காலத்துக்கு இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். வெளிச்சுவரை ஏப்ரலில் அறுக்க வேண்டும். முப்பது.

மேலிருந்து பற்றவைத்தேன். நான்கு கட்டை. கொஞ்ச நேரத்தில் கூடம் சூடாகிவிட்டது. எம்ப்ரெத்தின் தொப்பியை என் தலையிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன்.