இலவசப் படுக்கைக்கு உன் கையெழுத்து

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். நீயாவது சுகமாக இரு.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய்தான் என்று சோதனையில் உறுதியாகிவிட்டது. முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைக்க வேண்டும், நடுவில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும், இப்போதே ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கார்டு கேட்டார்கள். இல்லை என்றதும் கவுண்டரில் இருந்த பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இன்னொரு இடத்தில் கேட்ட முன்பணம், லாண்டரியில் விரிப்பு தேய்க்கிற எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

கடைசியில் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலு நாள் லீவு போட்டு வரிசையில் நின்று, சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு எல்லாம் கொடுத்தேன். அங்கே விசாரிக்கிற அம்மாள் நல்லவர். இலவசப் படுக்கை கிடைத்த மாதிரிதான். கையெழுத்துப் போடும் முன்னால், "உங்களப் பாத்துக்க வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். வாயைத் திறக்காதே என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டாளா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் சின்ன மக வெளிநாட்டுல பெரிய ஆபீசர். காரு, மாடி வீடு. எங்களுக்கு தர்மம் ஒண்ணும் வேணாம். இவதான் சும்மா பஞ்சப்பாட்டு பாடிக்கிட்டு திரியிறா" என்றாள். போதாததற்கு, நீ காரில் சாய்ந்து நிற்கிற போட்டோவையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த அம்மாள் பைலை மூடிவிட்டார்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் பொறாமைதான். உன்னைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டும் என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இப்போது அவளைக் குளிப்பாட்டுவது நான், ரத்தத் துணி அலசுவது நான். வலி வந்தால் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். நேற்றுத் தலை வாரிவிட்டபோது, "சின்னவ வாருனா வலிக்காது" என்கிறாள். நீ ஒரு நாளாவது அவளுக்கு வாரியிருக்கிறாயாடி? போன வருஷம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இப்படித்தான் அலைந்தேன். இடம் கிடைத்த அன்றைக்கு அவர் இல்லை. அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்தவர்களெல்லாம் கேட்டது, சின்னவளுக்குச் சொல்லியாச்சா என்றுதான்.

நீ அங்கே யாரோ ஒரு அம்மாவைக் குளிப்பாட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறாய், கார் அந்த வீட்டுக்காரருடையது என்று அன்றைக்குப் போனில் அழுதாய். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

விசாரிக்கிற அம்மாளிடம் மட்டும் மறுநாள் தனியாகப் போய்ச் சொன்னேன். "அத உன் தங்கச்சியே எழுதி அனுப்பணும்மா. என்ன வேலை, என்ன சம்பளம்னு, முதலாளி கையெழுத்தோட. மாசக் கடைசி வரைக்கும் படுக்கைய நிறுத்தி வைக்கிறேன்" என்றார். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் எழுதிவிடு. லாண்டரி விலாசத்துக்கே அனுப்பு. வீட்டுக்கு வந்தால் அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவாள்.

இன்னொன்று. தர்மப் படுக்கை என்றால் படுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அதனால், சின்னவள் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டாள் என்று சொல்லப் போகிறேன். அதைக் கேட்டதும் அவள் முகம் எப்படிப் பூரிக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. முப்பது நாளும் வார்டு முழுக்க உன் பெருமைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். முப்பது நாள் என்ன, எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆட்டுகிறேன். நீ சீக்கிரம் அனுப்பு, கண்ணு.

நல்லா இரு.

உன் அக்கா