சாச்சி வீட்டு மணி

2008 நவம்பர், வெள்ளி இரவு

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, வாப்பா தான் வேலைபார்க்கும் கட்டாரிலிருந்து வயர் இல்லாத இரண்டு அழைப்பு மணிகள் கொண்டுவந்தார். ஒன்று எங்களுக்கு, மற்றது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் சாச்சாவின் மனைவி, சாச்சிக்கு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டு வீட்டிலும் அடிக்கும்படி வைத்தார். கடல் வந்தால் ஒருவரை ஒருவர் எழுப்பலாம் என்றார்.

இப்போது இரவில் வீடு சோதனைக்கு வருகிற ஆமிக்காரர்கள் சாச்சி வீட்டில் அழுத்தினாலும் உம்மா நடுங்குகிறார். "அத மாத்து புள்ள, எனக்கு ஏலாது" என்றார். நேற்று எங்கள் மணிக்குள் இருந்த சின்னச் சுவிச்சுகளை மாற்றி, சாச்சியின் பொத்தானுக்கு அது அடிக்காதபடி பிரித்துவிட்டேன்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சி நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வந்தார். காலையில் தலை சுற்றி விழுந்தாராம்.

"எத்தின தரம் அழுத்தினன்! ஒங்கட மணியும் உசிரில்லாம மௌத்தாப் போயிட்டா?" என்று சிரித்தார்.

உம்மா என்னைப் பார்க்காமல், "பெட்டரி முடிஞ்சிட்டு. புதுசு போட்டாச்சி" என்றார்.

"அப்ப இண்டைக்குப் பயமில்லாமப் படுப்பன்."

சுவிச்சுகள் முன்பு எப்படி இருந்தன என்று எனக்கு நினைவில்லை. சாச்சியின் மணியில் அவை மாறாமல் அப்படியே இருக்கும்; திறந்து பார்த்தால் தெரியும். என்னவென்று சொல்லித் திறப்பேன்? உம்மாவும் விடமாட்டார்.

காற்று பலமாக அடிக்கிறது. கடல் இரைகிறது. சாச்சி விளக்கை அணைத்துவிட்டார்.