குஞ்சுகள் ஒதுங்கிய மூலை

6 மார்ச் 2025, வியாழன்

காடை முட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். இந்தத் தாமான் வீடுகளிலேயே காடைக் குஞ்சு பொரிக்க வைக்கிற முதல் ஆள் நான்தான். ஸ்கூடாய் டவுனிலேயே என்று சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

முட்டை, சிகாமட் ஐயாசாமி கொடுத்தது. தொழிற்சாலையில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். ரிட்டையர் ஆகி அங்கே காடை வளர்க்கிறான். நாற்பது முட்டை. பக்கத்து வீட்டு ஹாஜியிடம் நூறு என்று சொல்லியிருக்கிறேன். நாற்பது என்றால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். பெட்டி என் சொந்தத் தயாரிப்பு. மீன்காரன் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டி, உள்ளே பல்பு, ஒரு கப் தண்ணீர், சூடு காட்டும் மீட்டர். ஆறாம் வகுப்போடு நின்றவன் செய்தது என்று சொன்னால் எந்த இன்ஜினியரும் நம்ப மாட்டான்.

என் வீட்டுக்காரி கெர்ட்ரூட் வந்து நின்றாள். "இன்னிக்கு கிளினிக் டேட்டுங்க. கால் பாக்கிற டேட்."

"முட்டைய தினம் மூணு தடவ திருப்பணும். நான் போய்ட்டா யாரு திருப்புவா? உங்கப்பாவா?"

"எங்கப்பா செத்து இருபது வருஷமாச்சு. நீங்க கிளினிக் போறீங்கன்னா அவரே எழுந்து வந்து திருப்புவாரு."

போகவில்லை. எனக்கு இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருக்கிறது, அதற்கு மாத்திரையும் இருக்கிறது, ஞாபகம் வந்தால் போடுகிறேன். போன தடவை கிளினிக் நர்ஸ், அந்த மிஸ்ஸி, என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "ராசா தா, பாக்சிக்?" என்று மலாய் மொழியில் கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியுதா, தெரியுதா என்று. ராசா, ராசா என்றேன். இமையைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு அவள் கை போகும்போதெல்லாம் சொன்னேன். பத்துக்குப் பத்து.

7 மார்ச், வெள்ளி

பெட்டிக்குள் கை விட்டால் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. ஐயாசாமிக்குப் போன் போட்டேன். "எல்.இ.டி பல்பாடா போட்ட?" என்று சிரிக்கிறான். அது வெளிச்சம்தான் கொடுக்குமாம், சூடு கொடுக்காதாம். "தெரியும்லா, உன்னச் சோதிச்சேன்" என்றேன். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு சீனக் கிழவர் கடையில் பழைய குண்டு பல்பு வாங்கி வந்தேன். இப்போது மீட்டர் ஏறுகிறது. ஒரு நாள் முழுக்கக் குளிரில் கிடந்த முட்டை செத்திருக்குமோ? இல்லை என்கிறான். அவன் சொல்வதை நம்பலாமா?

12 மார்ச், புதன்

ஜெயபாலன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான் என்று பார்க்கப் போனேன். மெர்சிங் ரூட்டில் பஸ் ஓட்டியவன். இரண்டு லோரோங் தள்ளி வீடு. அவனுக்கும் இனிப்பு நீர்தான். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாசலில் ஒற்றைச் சிலிப்பர்.

நான் காடையைப் பற்றியே பேசினேன். தீனி, சூடு, ஈரம், எஸ்டேட்டில் சின்ன வயதில் நான் ஆயிரம் கோழி பார்த்துக்கொண்டது, எல்லாம். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. "பொரிச்சதும் சொல்லுடா, வந்து பாக்கிறேன்" என்றான். எப்படி வருவாய் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் பாதத்தைப் பார்த்தேன். பத்து விரலும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன் — என்ன பைத்தியம் இது.

20 மார்ச், வியாழன்

பேய் மழை. மதியம் கரண்ட் போய்விட்டது. சுடுதண்ணீரைப் போத்தலில் ஊற்றித் துணி சுற்றி முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்தேன். முட்டைக்குப் போய் எதற்கு இப்படிப் பதற வேண்டும்?

கெர்ட்ரூட் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காடைக்கெல்லாமா செபம் சொல்லுவ?" என்றேன்.

"காடைக்குன்னு யாரு சொன்னா" என்றாள்.

24 மார்ச், திங்கள்

பொரித்துவிட்டது. காலையில் பெட்டிக்குள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம். ஒரு முட்டை தானாக ஆடியது, ஓடு வட்டமாக வெட்டின மாதிரி திறந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு. முதுகில் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு, என் கட்டை விரல் பருமன்தான் இருக்கும், ஈரம் காய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டன.

ஹாஜியிடம் எழுபது என்றேன். மகள் ஷரோனுக்கு வீடியோ அனுப்பினேன். சிங்கப்பூரில் அவள் ஆபீசே கூடி நின்று பார்த்ததாம். 'நைஸ் டேடி' என்றுதான் போட்டிருந்தாள், ஆனால் ஆபீசில் காட்டாமலா இருப்பாள்?

26 மார்ச், புதன்

இரண்டு செத்துப் போச்சு. தண்ணீர்த் தட்டிலேயே முங்கிக் கிடந்தன. விரல் நுனி நனையாத தண்ணீர், அதில் போய்ச் சாகுமா? சாகுமாம். தட்டில் கோலிக்குண்டு பரப்பி வைக்கணுமாம். ஐயாசாமி இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை என்கிறான்.

இன்னொன்றுக்குக் கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்துவிட்டது. கீழே போட்ட பேப்பர் வழுக்கியதால். துணி விரித்தேன். பிளாஸ்டரை மெல்லிசாக வெட்டி அதன் இரண்டு காலையும் சேர்த்து ஒட்டினேன். வேறு நாளாக இருந்தால் இந்த வேலையை நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். இப்போது கால் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

29 மார்ச், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குஞ்சுகளைப் பெரிய அட்டைப் பெட்டிக்கு மாற்றியிருந்தேன். சமையலறைக்குப் பின்னால், தரையில். பல்பைச் சுற்றிப் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தேன், சூடு கீழே இறங்கட்டும் என்று. டின்னுக்குப் பக்கத்தில் பெட்டியை வாசல் மாதிரி வெட்டியிருந்தேன். குஞ்சுகள் அது வழியாக ஓடிவராமல் இடது காலை வைத்து அடைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பி குடித்தேன்.

குஞ்சுகள் எல்லாம் எதிர் மூலையில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. என் காலைக் கண்டு பயப்படுகின்றன என்று நினைத்தேன். வாங்க வாங்க, ஒன்னும் செய்ய மாட்டேன் என்று பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அப்புறம்தான் ஐயாசாமி சொன்னது ஞாபகம் வந்தது. குளிர்ந்தால் பல்புக்கு அடியில் கூடும், சூடு தாங்காவிட்டால் மூலைக்கு ஓடும். டின்னைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டுக் கையை உதறினேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த டின்மேல்தான் என் கால் சாய்ந்திருந்தது. இவ்வளவு நேரமும். சுண்டு விரல், அதற்குப் பக்கத்து விரல், பாதத்தின் ஓரம்.

காலை எடுத்தேன். தோல் கொஞ்சம் டின்னோடு போய்விட்டது. வலிக்கவில்லை. அமுக்கினேன். வலிக்கவில்லை. நகத்தால் கிள்ளினேன் — வேறு யாரோ ஒருத்தன் காலைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. கையில் சுட்ட இடம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

குஞ்சுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த வாரம் பொறந்த குஞ்சுக்கு. எனக்குத் தெரியல.

கெர்ட்ரூட் சனிக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் டின்னைத் துடைத்து மேலே தூக்கிக் கட்டினேன். சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

31 மார்ச், திங்கள்

ஹாஜி வீட்டில் பெருநாள் விருந்து. லெமாங், ரெண்டாங், ஒரு குறையும் இல்லை. புண் தரையில் படாமல் குதிகாலில் நடந்தேன், ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டார். காடைக்கு ஓர் உடும்பு வந்தது, உங்கள் சாப்பாட்டு மேசை நீளம் இருக்கும், எட்டி உதைத்தேன் என்றேன். அவர் மருமகன் எந்தக் காலால் என்று கேட்டான். இரண்டு காலாலும் என்றேன். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கெர்ட்ரூட்டிடம் நரம்பு இழுத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள்ளே எதுக்கு சாக்ஸ் என்றாள். குளிருது என்றேன். இந்த ஊரில்.

பெருநாள் லீவு, கிளினிக் மூடியிருக்கும். நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை நினைத்து வியர்த்துவிட்டது.

2 ஏப்ரல், புதன்

சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு விட்டுக் கழற்றினேன். சுண்டு விரல் கறுத்திருக்கிறது. டின்னில் இருந்த கரியாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கரி போகவில்லை.

3 ஏப்ரல், வியாழன்

உடம்பு காய்கிறது. கிளினிக் இன்றைக்குத் திறந்திருக்கும். முட்டை திருப்பணும் என்று இனிமேல் சொல்ல முடியாது. குஞ்சுக்குத் தீனி பொடிக்கணும், அதைச் சொல்லலாம். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன்.

4 ஏப்ரல், வெள்ளி

ஜெயபாலன் வந்தான். சொன்ன மாதிரியே வந்துவிட்டான். மகன் காரில் கொண்டுவந்து இறக்க, கம்பு ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வரைக்கும் தானே நடந்து வந்தான்.

"எங்கடா உன் எழுபது காடை?"

"பாதிய ஃபிரெண்டுங்க கேட்டு வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

"பாதிக்குப் பாதி இங்க காணோமே. மீதிய நீ தின்னுட்டியா?"

ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு குஞ்சைக் கையில் வாங்கினான். அது அவன் உள்ளங்கையில் நிற்காமல் ஓடப் பார்த்தது. சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கைச் சுருக்கினான்.

"காடை நாத்தம்டா" என்றேன். "தினம் கழுவுறேன், போவ மாட்டேங்குது."

"இது காடை இல்ல."

"லோங்காங் அடைச்சிருக்கு, சாக்கடைத் தண்ணி நிக்குது. கவுன்சில்காரன் வரல."

"டேய் மரியா, இதே நாத்தத்துக்கு நான் எங்க வீட்ல எலி செத்துக் கெடக்குன்னு சொன்னேன். என் பொண்டாட்டி அலமாரிய எல்லாம் நகத்தித் தேடினா. ரெண்டு நாள் தேடினா, பாவம்." குஞ்சைப் பெட்டியில் விட்டான். "சாக்ஸக் கழட்டு."

நான் கழட்டவில்லை. நான் இன்னும் உடும்பு, நரம்பு என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவன் என் பேச்சுக்குக் காத்திருக்காமல், "கெர்ட்ரூட்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

அவள் ஈரக் கையோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அவளே கழற்றினாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

5 ஏப்ரல், சனி

ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். "எப்படி ஆச்சு அங்கிள்?" என்று தமிழிலேயே கேட்டாள்.

உடும்பு இருந்தது. நரம்பு இருந்தது. கார் வரும் வழியில், கூரையில் ஓடு மாற்றப் போய் விழுந்ததாக ஒன்று புதிதாகவும் தயார் செய்திருந்தேன். மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன.

"சூடான டின்னு மேல கால் இருந்துச்சு. எனக்குத் தெரியல" என்றேன்.

கெர்ட்ரூட் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"ஒரு கோப்பி குடிக்கிற நேரம்." அப்புறம் சொன்னேன், "ரெண்டு கோப்பி."

சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருக்கிறது. அது முடிகிற இடத்தில் டாக்டர் பேனாவால் காலைச் சுற்றிக் கோடு போட்டாள். "இதத் தாண்டிச்சுன்னா?" என்றேன். "தாண்டாம பாத்துக்குவோம் அங்கிள்" என்றாள். தாண்டினால் என்ன என்றுதானே நான் கேட்டேன்.

7 ஏப்ரல், திங்கள்

ரெண்டு விரல் எடுத்துட்டாங்க. கால் இருக்கு. போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். இருக்கு.

9 ஏப்ரல், புதன்

ஷரோன் லீவு போட்டு வந்து கூடவே இருக்கிறாள். காலில் ஏறிய சிவப்பு, டாக்டர் போட்ட கோட்டைத் தாண்டவில்லை என்கிறாள். எனக்கு ஒரு விரற்கடை மேலே போயிருக்கிற மாதிரிதான் தெரிகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டுப் பார்த்தேன். பெரிய டாக்டர் வந்தார், குனிந்து பார்த்தார், எழுதினார், போய்விட்டார். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? நல்லது என்றால் சொல்லியிருப்பார்தானே?

பக்கத்துக் கட்டில்காரரைக் காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டு வந்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நேற்று அவரிடம் எழுபது காடைக் கதையை முழுக்கச் சொல்லியிருந்தேன். மீதியைக் கேட்பதுபோல என் பக்கம் பார்த்தார். நான் போர்வையை இழுத்து என் காலை மூடிக்கொண்டேன்.

"டேடி, ஏதாவது பேசுங்க" என்கிறாள் ஷரோன். "நீங்க சும்மா இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

12 ஏப்ரல், சனி

சிவப்பு இறங்கியிருக்கிறது. மிஸ்ஸி பழைய கோட்டை ஸ்பிரிட் போட்டு அழித்துவிட்டுக் கீழே புதிதாக ஒன்று போட்டாள்.

22 ஏப்ரல், செவ்வாய்

ஈஸ்டருக்கு முதல் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் குஞ்சுகளைக் காணோம், காடைகள் இருக்கின்றன. இறகு முளைத்து, உருண்டையாக, கம்பிக் கூண்டில். பதினேழு, மூன்று செத்துப் போச்சாம். கெர்ட்ரூட் ஒற்றையாளாகப் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பீற்றிக்கொள்ளவில்லை, எப்படித்தான் முடிகிறதோ.

பல்பு, டின், அட்டைப் பெட்டி எதுவும் வீட்டில் இல்லை. மாத்திரையை இப்போது அவள் கையால் எடுத்துக் கொடுத்து, முழுங்கும்வரை நிற்கிறாள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்சக் காலும் போய்விடுமோ என்று நினைப்பு வராத நேரம் சாப்பிடும் நேரம் மட்டும்தான், அதுவும் குழம்பு நன்றாக இருந்தால்.

9 மே, வெள்ளி

காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்ன ஷூ, உள்ளே வெள்ளை சாக்ஸ். ஹாஜி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முட்டை போடுதா என்று கேட்டார். ஜொகூர் முழுக்க அனுப்புகிற அளவுக்குப் போடும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது. இடது கால். சாக்ஸுக்கு மேலே, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. குனிந்து பார்த்தால் ஒரு சிவப்பெறும்பு.

கெர்ட்ரூட் தீனித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னங்க, கால்ல என்ன?"

"எறும்பு கடிச்சிருச்சு."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நெசமா?"

"நெசமா வலிக்குது, கெர்ட்ரூட்."

அவள் எறும்பைத் தட்டிவிட்டாள். களிம்பு எடுக்கப் போனவளை, வேணாம், உக்காரு என்றேன். உட்கார்ந்தாள். கடித்த இடம் தடித்துச் சிவந்து நன்றாக எரிந்தது. கொஞ்ச நேரம் தேய்க்காமலே விட்டு வைத்தேன்.